தகரக் கிரீடத்தை எல்லோரும் கேட்டார்கள்

உயரக் கட்டை வைத்த பூட்ஸோடு படியிறங்குவதென்றால் பக்கவாட்டில்தான் இறங்க வேண்டும், இன்ஸ்பெக்டர். எனக்கு அது கடைசிவரை சரியாக வரவில்லை. கொலின் முதல் நாளே பழகிக்கொண்டான். வெள்ளிச் சட்டையும் இமையில் ஜிகினாவுமாக அவன் மேடைக்கு வந்தால், பெண்கள் மட்டுமல்ல, அவர்களுக்குத் துணையாக வந்த அண்ணன்மாரும் வாயைப் பிளப்பார்கள். நான் பின்னால் நின்று கிதார் வாசிப்பேன். பாட்டெல்லாம் நான் எழுதி, நான் மெட்டுப் போட்டவை. இருவரும் வுல்வர்ஹாம்ப்டன் ஊரில் ஒரே தெரு.

‘தகரக் கிரீடம்’ எங்கள் இரண்டாவது இசைத்தட்டு. அதன் கடைசிப் பாட்டில் ஒரு ராஜா கிரீடத்தை அடகுக்கடைக்குக் கொண்டுபோகிறான். அங்கேதான் அது தகரம் என்று அவனுக்கே தெரிகிறது. அதைவிட நல்ல பாட்டை நான் எழுதியதில்லை.

பத்திரிகைகள் கிழித்துவிட்டன. வேனில் போகும்போது டிரம் வாசிக்கும் ராய் ஒரு விமர்சனத்தைச் சத்தமாகப் படித்தான். ஜிகினாவைத் துடைத்தால் கீழே ஒன்றுமில்லை, அந்தக் குரல் இந்தப் பாட்டுகளை விட்டு ஓடினால் பிழைத்துக்கொள்ளும் என்று அதில் இருந்தது.

“நெவில், உன் பாட்டைக் குழி தோண்டிப் பொதைச்சுட்டாங்கடா. ஒரு பூ வாங்கி வெச்சிரு.”

கொலின் சிரிக்கவில்லை. வேனை விட்டு இறங்கியதும் என்னைத் தனியாக அழைத்துப் போனான்.

“கம்பெனிக்காரங்க என்னைத் தனியா பாடக் கூப்புடுறாங்கடா. வெறும் ஜீன்ஸு, ஒரு பியானோ. இந்த வேஷம் போதும்னு தோணுது.”

“அப்ப தகரக் கிரீடம்?”

“அதை யாரும் கேக்கலையே. விடுடா.”

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

கடைசி நிகழ்ச்சி கடற்கரை ஊரில், திறந்த மேடையில், பகலில். எங்கள் ஆம்ப்ளிஃபயரில் ஒரு ரீங்காரம் இருந்துகொண்டே இருக்கும். ப்ளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிட்டால் அது நின்றுவிடும். எத்தனையோ குழுக்கள் அப்படிச் செய்கிறார்கள், செய்யக் கூடாதுதான். பெட்டிக்குள் கசியும் மின்சாரம் பிறகு மைக்குக்கு வந்துவிடும். அந்த வாரம் ராய் மைக்கைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டான். “எர்த்தை மாட்டித் தொலைடா, யாராச்சும் செத்துடப் போறாங்க” என்று கத்தினான். மாட்டிவிட்டேன் என்று மறுநாள் சொன்னேன். மாட்டவில்லை. கொலினுக்கு எப்போதும் ஒன்றும் ஆனதில்லை. அவன் காலுக்கும் தரைக்கும் நடுவே பூட்ஸின் நாலு அங்குலத் தக்கைக் கட்டை இருந்தது.

காலையில் மழை பெய்து சிமெண்ட் தரை நனைந்திருந்தது. இடைவேளையில் கொலின் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான்.

“கடைசிப் பாட்டை வெறுங்காலோட பாடட்டுமா? ஒரு தடவையாவது நெசமான ஆளா நிக்கணும்.”

“ரொம்ப நல்லா இருக்கும்” என்றேன்.

மைக்குக்குக் கீழே மேடை ஊழியர் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டிருந்தார். அதைச் சுருட்டி ஓரமாக வைத்தேன். காற்றில் போயிருக்கும் என்று அவரிடம் முன்பு சொன்னது பொய். ப்ளக்கைத் திறந்து பார்த்துவிட்டீர்கள், இனி எதை மறைப்பது? ராஜா அடகுக்கடை வாசலுக்கு வரும் வரியில் கொலின் இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்தான். அவன் துடித்து விழுந்ததைக் கூட்டம் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது.

மறுவாரம் கடைகளில் தகரக் கிரீடம் தீர்ந்துவிட்டது. அதே விமர்சகர், முதல் தடவை தான் சரியாகக் கேட்கவில்லை என்று எழுதினார். இசைத்தட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. கொலினும் இதைத்தான் விரும்பியிருப்பான். அடக்கத்தின்போது அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்புள்ள பாட்டை ஊரே பாடுதுப்பா” என்று அழுதார். அது என் பாட்டு என்று நான் திருத்தவில்லை. துக்க வீட்டில் அதையெல்லாம் பேசக் கூடாது.

நான் அவனைக் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். பாட்டு பிழைக்க வேறு வழி இருக்கவில்லை.

உங்கள் மகளும் வாங்கியிருக்கிறாள் என்றீர்கள். எந்தப் பாட்டு பிடிக்குமாம் என்று கேட்டேன்.

“பாட்டெல்லாம் அவளுக்குத் தெரியாதுப்பா. அந்தப் பையன் குரலைக் கேட்டுக் கேட்டு அழுவுறா.”

இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள். குரலை ஒதுக்கிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.