இடது கைச் சோறு

"ஹலோ... ஹலோ... சிவகாசி அச்சாபீஸா? ... நான் விருதுநகர்ல இருந்து பேசுறேங்க. பலவேசம்னு, லேபிளுக்குப் படம் வரையிறவுக... ஆமா, ஆமா, அவுகதான். கொஞ்சம் கூப்பிட முடியுமா? ... சரிங்க. இருக்கேன்."

தபால் நிலையத்துத் தொலைபேசியைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றார் ஞானதீபம் டீச்சர். மிஷன் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மூன்றாம் வகுப்பு நடத்தியவர். அடுத்த வகுப்பு வரை எட்டும் அவருடைய குரல் இன்று மிகவும் தணிந்திருந்தது.

"பலவேசமா? ... நான் ஞானதீபம் டீச்சர். ... ஆமாப்பா, மூணாப்பு டீச்சர்தான். ... அதென்ன நாற்காலி சத்தம்? எந்திரிச்சா நிக்கிற? உக்காருப்பா."

வழியெல்லாம் மனத்தில் அடுக்கி வந்த வாக்கியங்கள் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டன. அவன் தாயார் பேச்சியம்மாளின் நலத்தை இரண்டு முறை விசாரித்தார். பிறகுதான் தம் கணவர் நேசகுமாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். போன மாதம் கலவை அறையில் மருந்து பற்றிக்கொண்டது. மதுரை ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

"புண்ணு ஆறிருச்சு. வீட்டுக்கு வந்து எட்டு நாளாச்சு. தட்டை வச்சா சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிறாக. ... ஊட்டுனேன்ப்பா. வாயை இறுக்கிக்கிட்டாக. ... ஸ்பூனா? அதையும் இடது கையிலதான பிடிக்கணும்? கழுவுற கையில திங்கிறதுக்குத் திங்காமலே போயிறலாங்கிறாக. ... வெறும் மோருதான். இப்படியே போனா உசுரு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

இடது கை சோற்றுக்கு ஆகாது என்பதை அந்த ஊரில் எவருக்கும் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பிறவியிலேயே அந்தக் கை முந்துகிற பிள்ளைகளுக்கு மட்டும் ஞானதீபம் கற்பித்தார். பலவேசத்தின் இடது கையைத் தம் கைக்குட்டையால் அவன் அரைஞாண் கயிற்றோடு கட்டி, ஓராண்டு முழுவதும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார். நல்லதே செய்கிறோம் என்று நம்பினார். முடிச்சு வலிக்கிறதா என்று தினமும் கேட்கவும் செய்தார்.

"நீ ஒரு நாள் வரணும்ப்பா. அவுக பக்கத்துல உக்காந்து, ஒனக்கு வாச்ச அந்தக் கையால பெசஞ்சு சாப்பிடணும். நல்ல வேலையில இருக்க பிள்ளை அப்படிச் சாப்பிடுறதைக் கண்ணால பாத்தா, மனசு கொஞ்சம் வளையும்ல? ... நான் சொன்னா எடுபடாதுப்பா. இத்தனை வருசமா வேற மாதிரில்ல சொல்லிட்டிருந்தேன்."

மறுமுனையில் அச்சு இயந்திரத்தின் ஓசைக்கு நடுவே பலவேசம் தாழ்ந்த குரலில் பேசினான்.

"என்னது? ... வீட்ல தனியா இருக்கும்போது அந்தக் கை சோத்துக்கு வருதா? ... ம். ... யாராவது பாத்தா? ... நின்னுருதா? ... பொண்டாட்டி பாத்தாக்கூடவா? ... இன்னமுமா?"

அவன் குறை சொல்லவில்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை காரணம் சொல்வதைப் போல, பணிவாகவும் தயங்கித் தயங்கியும் விளக்கினான். அந்தப் பணிவைத்தான் ஞானதீபத்தால் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மன்னிப்பா? நீ எதுக்குப்பா கேக்கணும்? ... வேண்டாம், கேக்காத. நான்தான்... யாரு, எக்சேஞ்சாம்மா? இல்லம்மா, பேசிட்டுத்தான் இருக்கோம். லைனை வெட்டிராதீக, கொஞ்சம் பொறுங்க. ... பலவேசம், இருக்கியா? ... என்ன கேட்ட? ... நானா?"

வரிசையில் நின்றவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்ல. ... இல்லப்பா, ஒரு வாய்கூட அந்தக் கையால சாப்பிட்டதில்ல. ... அவுக முன்னாடியா? ... ஒண்ணும் சொல்லாம, நானே அந்தக் கையால உக்காந்து சாப்பிடணுமா? ... ஆமா. ... ஆமா, அது சரிதான். மத்தவுகளைக் கூப்பிட்டு ஆகாதுதான். ... இன்னைக்கு மத்தியானமே உக்காருறேன். ... பலவேசம், ஒண்ணு கேக்கேன். அவுக பாக்கையில எனக்கும் கை நின்னுட்டா, அப்ப என்னப்பா செய்யணும்? ... ஹலோ... பலவேசம்... ஹலோ..."

இணைப்பு அறுந்துவிட்டது.