பதினொரு கூடுகள்

"இந்தக் கூட்டுக்கு வயசாயிடுச்சுன்னு உங்களுக்கு எப்படிங்க அங்கிள் தெரியும்?" என்று அக்ஷிதா என்னைக் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது.

அவள் அப்பா திருமலைசாமி துடியலூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில் வைத்திருக்கிறார். எங்கள் ரைபிள் கிளப்பில் பழைய உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். நான் அமிர்தராஜ். ஒரு பம்ப் கம்பெனியின் டூல் ரூமில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன். கிளப்பில் சுட்டு முடித்த ரைபிள் தோட்டாக்களை லைசென்ஸ்படி திரும்ப அடைத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

சுட்ட தோட்டாவில் மிஞ்சுவது பித்தளைக் கூடு. வெடிக்கும்போது அது விரிந்து, துப்பாக்கியின் அறைச் சுவரில் ஒட்டி, அந்த அறையின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. அதை அச்சுக்குள் விட்டு அழுத்தி மறுபடியும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதிகம் அழுத்தக் கூடாது. அந்த ஒரு துப்பாக்கிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவான கணக்கு அது. குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழுவது பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

குழந்தை கேட்டதற்குப் பதில் சொன்னேன். கூடு இழுபட்டு இழுபட்டு அடிப்பக்கம் மெலியும். வெளியே மோதிரம் போல ஒரு பளபளப்பான கோடு விழும். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் ஓரிடத்தில் தட்டும். அவளே கம்பியை வாங்கி விட்டுப் பார்த்தாள்.

"ஆமாங்க அங்கிள், தட்டுது."

"தட்டுனா தூக்கிப் போட்டுறணும் கண்ணு. யோசிக்கவே கூடாது."

எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதனால் இதை முதலில் சொல்கிறேன்.

நான் முரடன் அல்ல. எங்கள் பங்குக் கோயிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகிற ஃபாதருக்கு ஸ்கூட்டர் ஓட்டுவது நான்தான். அவர்கள் வீட்டு ஃபேன் சத்தம் போட்டால் எண்ணெய் விட்டுவிட்டு வருவேன். சின்ன உதவிகள்தாம் உலகத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன என்று நம்புகிறவன் நான். இன்றைக்கும் அந்த நம்பிக்கை மாறவில்லை.

என் மகள் சாராவும் அக்ஷிதாவும் ஒரே வயது, இப்போது இருபத்தொன்று. இரண்டு பேரும் பெரிய ரைபிளில், முன்னூறு மீட்டரில் சுடுவார்கள். போன வருஷம் மாநில அணியில் ஒரு இடம்தான் காலியாக இருந்தது. அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். அதற்கு மேல் செலவு செய்ய என்னால் முடியாது, சாராவுக்கு அதுதான் கடைசி வருஷம். திருமலைசாமியின் மகளுக்கு அது விளையாட்டு. என் மகளுக்கு அது வேலை. இதில் நியாயம் எந்தப் பக்கம் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

சாராவின் கூடுகளை நீல டப்பாவிலும் அக்ஷிதாவின் கூடுகளைச் சிவப்பு டப்பாவிலும் வைத்திருந்தேன். இருவருக்கும் அடைத்துக் கொடுப்பது நான் ஒருவன்தான். திருமலைசாமி அதைச் சொல்லிச் சிரிப்பார்.

"ஏனுங்க அமிர்தண்ணா, டப்பாவை மாத்திக் குடுத்துப்போடாதீங்க. அப்புறம் என்ற பொண்ணு தோத்துப்போட்டு உங்களைத்தான் திட்டுவா."

"அட போங்க. ரெண்டும் என்ற புள்ளைங்கதானுங்க."

அதை மனதாரத்தான் சொன்னேன்.

ஜூன் மாதம் அக்ஷிதாவின் துப்பாக்கிக்குக் கோட்டைமேட்டில் யூனுஸ் பாய் புதுக் குழாய் பொருத்திக் கொடுத்தார். துப்பாக்கி ரிப்பேரில் அவருக்கு இணையாக இந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. அறையின் அளவு சாராவின் துப்பாக்கியைவிடக் கொஞ்சம் தாராளம். தவறில்லை, இருக்க வேண்டிய வரம்புக்குள்தான் இருந்தது. நானே கேஜ் போட்டுப் பார்த்தேன். அதற்குத் தகுந்தபடி நான் அச்சைத் தளர்த்தி வைக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

முதல் தடவை அது மறதி. சாராவின் கூடுகளை முடித்த கையோடு, அச்சை மாற்றாமல் சிவப்பு டப்பாவையும் முடித்துவிட்டேன். அந்த வாரம் அக்ஷிதாவுக்கு நாலு பாயிண்ட் குறைந்தது. என்னிடம் வந்து, "எனக்கு மூச்சுதான் சரியா நிக்கறதில்லைங்க அங்கிள்" என்றாள். "தண்ணி நெறையாக் குடி கண்ணு" என்றேன்.

இரண்டாவது தடவை அது மறதி அல்ல. மூன்றாவதும் நான்காவதும் அல்ல. நாலு பாயிண்ட்டுக்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை. அவள் தோற்று, கொஞ்சம் அழுது, அடுத்த வருஷம் ஜெயிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

தேர்வுப் போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது சிவப்பு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கூட்டின் அடியில் அந்தக் கோடு தெரிந்தது. தாராளமான அறைக்குள் குட்டையான கூடு ஒவ்வொரு வெடிப்பிலும் இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. கம்பியை எடுத்து ஐம்பதையும் பார்த்தேன். பதினொன்று தட்டின.

பதினொன்றையும் குப்பைக் கூடையில் போட்டேன். யோசிக்கவே கூடாது என்று சொன்னவன் அப்புறம் யோசித்தேன். நாலே சுற்றில் பதினொரு கூடுகள் எப்படிக் கிழடாகும் என்று திருமலைசாமி கேட்பார். மில் முதலாளி, இயந்திரம் தெரிந்தவர், அச்சின் அளவைக் கேட்பார். கூடையிலிருந்து அவற்றைத் திரும்ப எடுத்தேன். கோடு தெரியாதபடி மெருகு போட்டேன். அடைத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொன்னேன். பதினொன்றுக்கும் சொன்னேன், ஒன்றைக்கூட விடவில்லை.

போட்டியன்று அக்ஷிதாவின் பத்தொன்பதாவது குண்டு வேறு மாதிரி சத்தம் போட்டது. அது என்ன சத்தம் என்று மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் அவளிடம் பாதி தூரம் ஓடியிருந்தேன். என் வேகத்தைப் பின்னால் எல்லோரும் பாராட்டினார்கள். அவள் கண்ணாடி போட்டுத்தான் இருந்தாள். கூடு கிழிந்து பின்னால் சீறிய வாயுவுக்குக் கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவிலிருந்த இடுக்கு போதுமானதாக இருந்துவிட்டது. வலது கண். அறுவை சிகிச்சை இரண்டு நடந்தது. பார்வை வரவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த பத்தொன்பது நாளும் ராகிக் கஞ்சி கொண்டுபோனேன். என் மனைவி அற்புதம் காய்ச்சிக் கொடுப்பாள். ஆறாமல் இருக்கட்டும் என்று துண்டில் சுற்றி எடுத்துப்போவேன். ஒருநாள் அக்ஷிதா கேட்டாள்.

"சாரா செலக்ட் ஆயிட்டாளாங்க அங்கிள்?"

"ஆயிட்டா கண்ணு."

"அப்ப எதுக்கு அழுகறீங்க? அவகிட்ட ட்ரீட் கேட்டேன்னு சொல்லுங்க. கஞ்சி குடுத்தே ஏமாத்தலாம்னு பாக்கறீங்களா?"

மற்றொரு கண் சிரித்துக்கொண்டிருந்தது. கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன்.

கிளப்பில் விசாரணைக்கு மூன்று பேரை வைத்தார்கள். தொழில் தெரிந்தவர் என்று என்னையும் வைத்தார்கள். உடைந்த கூடு மேஜை மேல் இருந்தது. மீதி பத்தையும் முந்தின நாளே சிவப்பு டப்பாவிலிருந்து எடுத்து, சுடாதவற்றின் மருந்தைக் கொட்டிவிட்டு, வைஸில் கொடுத்து நசுக்கிவிட்டேன். யூனுஸ் பாயைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை.

"அமிர்தண்ணா, நான் நூறு வாட்டி ரோசனை பண்ணிப் பாத்துட்டனுங்க. நான் பொருத்துனதுல எனக்குக் கொறை தெரியலைங்க. ஆனா நீங்க பாருங்க. நீங்க என்ற மேல தப்புன்னா நான் ஒத்துக்கறேன்."

"அறை கொஞ்சம் தாராளந்தான் பாய்" என்றேன்.

அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "நீங்க சொன்னாச் சரிங்கண்ணா" என்றார். குறை அறையில்தான் என்று எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

அவருடைய லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. கடை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் பல்லடத்தில் மச்சான் முஜீபின் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே விசைத்தறிகளுக்கு ரிப்பேர் பார்க்கிறார். முஜீபை ஒருமுறை டவுன்ஹாலில் பார்த்தேன்.

"மச்சான் சரியாச் சாப்பிடறதில்லைங்க. என்ற கையாலதான் அந்தப் புள்ளைக்குக் கண்ணு போச்சுன்னு தொழுகையில ஒக்காந்து அழுகறாருங்க. நீங்களாவது ஒருக்கா வந்து சொல்லிட்டுப் போனாத் தேவலைங்க."

விலாசம் எழுதிக் கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

தான் செய்யாததைத் தான் செய்ததாக ஒருவர் நம்பி அழுவது சாதாரண விஷயமில்லை. அது என்னை மிகவும் வருத்தியது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம் என்று பலமுறை கோயில் வரை போனேன். ஃபாதர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். யூனுஸிடம் போ, திருமலைசாமியிடம் போ, ஸ்டேஷனுக்குப் போ என்பார். சாராவுக்கு வேலை உறுதியாக இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அவளுக்கு எதுவும் தெரியாது. ஒன்றும் அறியாத பிள்ளையைத் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் ஒருவருக்குச் சேர வேண்டியதை வைத்துக்கொண்டிருக்கிற வழக்கம் எனக்கில்லை. பாய்க்குச் சேர வேண்டியது உண்மை. அதைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அச்சை மாற்றாத நாலு தடவை, கோடு விழுந்த பதினொரு கூடுகள், கேஜ் சரியாகக் காட்டியது, கையெழுத்து, எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன்.

போன வெள்ளிக்கிழமை கோட்டைமேட்டுக்குப் போனேன். ஜும்மா தொழுகை நேரம். தெருவில் ஆளே இல்லை. அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். நல்ல காரியத்தை நாலு பேர் பார்க்கச் செய்யக் கூடாது. பாயின் கடை முன்னால் நின்றேன். ஷட்டரில் தூசி படிந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பூட்டுக்கு நேராக நின்று, இரண்டு பக்கத்தையும் ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடைந்த வரிகளை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். கடைசியில் கைகூப்பி, "தப்பு என்ற மேலதானுங்க பாய், மன்னிச்சுக்குங்க" என்றேன். காகிதத்தை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன்.