நிக்கல் தூங்கிய நாள்

எனக்குக் கடுகு ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர். அதனால் என் மேசையில் கடுகுச் சாரத்தின் காலிப் புட்டிகள் இரண்டு இருந்ததை நீங்கள் சந்தேகித்தது நியாயம்தான்.

டான்யூப் ஆற்றங்கரையில் எங்கள் ஆலை சூரியகாந்தி எண்ணெயை மார்கரின் என்ற செயற்கை வெண்ணெயாக இறுக்குகிறது. கொதிக்கும் எண்ணெயில் நிக்கல் தூள் போட்டு ஹைட்ரஜனைச் செலுத்துவோம். இரண்டையும் சேர்த்துவைப்பது நிக்கல்தான். அதற்குக் கந்தகம் ஆகாது. துளி கந்தகம் ஒட்டினாலும் படுத்துவிடும். கடுகின் காரமே கந்தகம்தான். ஆய்வகத்தில் இருக்கும் எனக்குத் தெரியாதா?

ஷிப்ட் மேற்பார்வையாளன் வெல்கோ என் நண்பன். ஒருநாள் கேண்டீனில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "உன் பொண்டாட்டி சீஸ் வெச்சுப் பனிட்சா சுட்டா அடிச்சுக்க ஆளே இல்லடா, கிரஸ்தியோ! உனக்குப் போய் இப்படி ஒருத்தி வாய்ச்சாளே!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அவள் செய்த பனிட்சாவை வெல்கோ எப்போது தின்றான் என்று வீட்டில் என் மனைவி ஸ்லாட்காவைக் கேட்டேன். "நீதானே போன வாரம் டப்பாவுல கொண்டுபோய்க் குடுத்தே? மறந்துட்டியா?" என்றாள்.

பதிலை இவ்வளவு தயாராக யார் வைத்திருப்பார்கள்? அதன்பிறகு அவளுடைய புதுக் கழுத்துத்துணி, வெல்கோவின் சீட்டி, எல்லாமே எனக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை புட்டிகளை எண்ணெயில் கவிழ்த்தேன். ஹைட்ரஜன் எண்ணெயில் சேராததால் அழுத்தமானியின் முள் இறங்கவில்லை. வெல்கோ போன் செய்தான்.

"என்னடா இது, நிக்கல் தூங்குது! எண்ணெயில என்னத்தக் கலந்து தொலைச்சீங்க?"

"எண்ணெய் சுத்தம்ப்பா. புது நிக்கல் போட்டுப் பாரு."

போடவேண்டுமானால் தொட்டியின் மூடியைத் திறக்கவேண்டும். அதற்குமுன் மிச்ச ஹைட்ரஜனை நைட்ரஜன் விட்டு விரட்டவேண்டும். சூடாக இருக்கையில் காற்று உள்ளே போனால் தொட்டி வெடிக்கும். தொட்டியருகே ஒரே மாதிரி இரண்டு குழாய்கள்: நீல ரப்பர் வளையம் நைட்ரஜனுக்கு, வெள்ளை காற்றுக்கு. அவசரக்காரர்கள் நைட்ரஜன் விடாமலேயே மூடியைத் திறப்பதுண்டு. வெல்கோவும் அப்படித் திறந்துதான் செத்தான் என்று உங்கள் ஆட்கள் எழுதிவிட்டார்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் செத்தவன் பெயரைக் கெடுப்பது எனக்குப் பிடிக்காது. எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள். வெல்கோ ஒருநாளும் அவசரப்பட்டவன் இல்லை. அதை நம்பித்தான் நான் இறங்கினேன். அன்றும் அவன் ஒழுங்காக நீல வளையம் பார்த்துத்தான் குழாயை மாட்டினான்.

வளையங்களைக் காலையிலேயே மாற்றிப் போட்டிருந்தேன்.