ஆறு மணிக் குரல்

ரோகிணி: ...இல்லக்கா, உங்க நாய் விடுதிக் கேமராவ இங்கருந்தே பாத்துக்கிட்டுதான் பேசுறேன். மத்த நாயெல்லாம் உள்ள இருக்கு. கருப்பி மட்டும் வெயில்ல கெடக்கு.

ரேணுகா: அது... அங்கனதான் கெடக்கும் ரோகிணிம்மா.

ரோகிணி: உள்ள ஆத்தங்குடிக் கல்லு பதிச்சு ஜில்லுன்னு வச்சிருக்கேன்னு வாட்ஸப்புல போட்டீகளே?

ரேணுகா: பொய்யில்லம்மா, ஜில்லுன்னுதான் இருக்கு. உங்க புள்ளதான் அதுல படுக்க மாட்டேங்குது.

ரோகிணி: திமிரு. காரைக்குடி வீட்டுலயும் அப்படித்தான். சாக்கு விரிச்சா சாக்குல படுக்காது, என் காலு மேல வந்து படுக்கும்.

ரேணுகா: ம்...

ரோகிணி: என்னக்கா ம்? ஒரு கேள்வி கேட்டா ஒம்போது பதில் சொல்றவுக நீங்க.

ரேணுகா: ஒண்ணுமில்ல. பெங்களூருல குளிரா?

ரோகிணி: பேச்ச மாத்தாதீக. மத்தியானம் சாப்புட்டுச்சா? காலித் தட்டு போட்டோ வரலையே.

ரேணுகா: காலித் தட்டு... எல்லாருக்கும் இப்ப காலித் தட்டு காட்டணும். முன்னாடி கண்டனூர்ப் பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு மெட்ராஸ்லருந்து வாரவுக, நாய்ச் சங்கிலிய என் கையில குடுத்துட்டுப் போனா, மறுவீடு முடிஞ்சுதான் திரும்பிப் பாப்பாக.

ரோகிணி: அது எந்தக் காலம்!

ரேணுகா: மூணு வருசம்தாம்மா ஆச்சு. போன வைகாசியில அதே வீட்டுக்காரவுக வந்து, கார விட்டு எறங்காமயே கேக்குறாக, கேமரா இருக்கான்னு. இல்லேன்னேன். அப்படியே மதுரைக்கு வண்டியத் திருப்பிட்டாக.

ரோகிணி: அதுனாலதான் நான் சொன்னேன், பேசுற கேமராவா போடுங்கன்னு. நாங்க இங்கருந்து பேசுனா புள்ளைகளுக்கு அங்க கேக்கும்ல. நாய் வளக்குறவுக குரூப்புல நான் எழுதித்தான நாலு வீட்டுக்காரவுக வந்தாக?

ரேணுகா: வந்தாக. இல்லேன்னு சொல்லல. அந்த நாலு வீடும் போச்சுன்னா நான் இந்தக் கதவச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். அதுனாலதான் இத்தன நாளா...

ரோகிணி: இத்தன நாளா?

ரேணுகா: ஞாயித்துக்கெழம வந்து கருப்பியக் கூட்டிட்டுப் போயிருங்கம்மா.

ரோகிணி: இந்த ஞாயிறா? அக்கா, வீடு இன்னும்...

ரேணுகா: பதினஞ்சு நாளுன்னு சொல்லி விட்டீக. ஆடி பொறந்தப்ப விட்டது. ஆவணியும் வந்துருச்சு.

ரோகிணி: வீடு பாத்துக்கிட்டேதான இருக்கேன்! நாய் இருக்குன்னா ஆயிரம் கேள்வி கேக்குறாக. இந்த மாசம் மட்டும்...

ரேணுகா: இந்த மாசம் தாங்காது.

ரோகிணி: ...என்ன தாங்காது?

ரேணுகா: சோறு எறங்கல. கறியப் போட்டாலும் மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. முந்தாநாளு டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏத்திட்டுப் போனாரு.

ரோகிணி: என்ன சொல்றீக? நேத்துக்கூட காலித் தட்டு அனுப்புனீகளே!

ரேணுகா: தட்டு அதோடதுதான். தின்னது பக்கத்துக் கூண்டு லேப்ரடாரு.

ரோகிணி: அக்கா!

ரேணுகா: திட்டுங்க. திட்டத்தான் வேணும். போட்டோ வரலைன்னா ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டீக, மறுநாளு குரூப்புல கேப்பீக... பயந்துட்டேன்மா. ரெண்டு நாள்ல தின்னுரும், ரெண்டு நாள்ல தின்னுரும்னு...

ரோகிணி: அங்க விட்டப்ப நல்லாத்தான இருந்துச்சு! நீங்க என்னத்தப் பண்ணீக?

ரேணுகா: நான் ஒண்ணும் பண்ணல. அந்தப் பேசுற கேமராதான் பண்ணுச்சு.

ரோகிணி: நான் பேசுனா அதுக்கு சந்தோசம்க்கா. வால ஆட்டிக்கிட்டு, கேமரா மாட்டுன கம்பத்தச் சுத்திச் சுத்தி ஓடும். நான் பாத்தேன்ல.

ரேணுகா: நீங்க அஞ்சு நிமிசம் பாப்பீக. போன வச்சப்புறம் நடக்குறத நான் பாத்தேன். ஆறு மணிக்கு "கருப்பி, அம்மா வந்துட்டேன்டா"ம்பீக. அது ஒவ்வொரு ரூமா ஓடித் தேடும். கட்டிலுக்குக் கீழ, குளியலறைக்குள்ள, அங்குட்டு மாட்டுக்கொட்டாயி வரைக்கும். அப்புறம் கம்பத்துக்குப் பின்னாடி செவுத்தப் பெறாண்டும். நகமெல்லாம் பேந்து ரத்தம்.

ரோகிணி: ...கட்டு போட்டிருந்துச்சே. முள்ளு குத்திருச்சுன்னீக.

ரேணுகா: முள்ளு இல்ல.

ரோகிணி: மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?

ரேணுகா: எப்படிச் சொல்லுவேன்? பேசலாம்னு சொல்லித்தான எல்லாரையும் வரவச்சேன்! உங்க பேச்சுதான் அதக் கொல்லுதுன்னு உங்ககிட்டயே எப்படிச் சொல்ல... அதான், கேமரா மாட்டுன மருதுவக் கூப்புட்டுச் சத்தத்த மட்டும் நிப்பாட்டச் சொல்லிட்டேன்.

ரோகிணி: எப்ப?

ரேணுகா: ஒம்போது நாளாச்சு.

ரோகிணி: ஒம்போது நாளா... நான் பேசுனது?

ரேணுகா: ஒரு சொல்லுகூட அதுக்குக் கேக்கல.

ரோகிணி: இல்ல. இல்லக்கா, சும்மா சொல்லாதீக. தெனம் ஆறு மணிக்குக் கம்பத்துக்குக் கீழயே இருக்கே!

ரேணுகா: இப்ப காலையிலருந்தே அங்கனதாம்மா கெடக்கு. குரல் வருமான்னு பாக்குது. சத்தம் நின்னா தேடுறத விட்டுரும்னு நெனச்சேன். தேடுறத விட்டுருச்சு, சாப்பாட்டையும் விட்டுருச்சு.

ரோகிணி: ஐயோ, கருப்பி...

ரேணுகா: அழுகுறீகளா? குரூப்புல என்ன வேணும்னாலும் எழுதுங்க தாயி, நான் மறுத்துப் பேச மாட்டேன். தொழில் போனாப் போகட்டும். நீங்க வந்து ஒருக்கா அதத் தொட்டாப் போதும், எந்திரிச்சுரும்.

ரோகிணி: நான் பேசுறப்ப நிமிந்தே பாக்கல அது... தலையத் தரையில வச்சுக்கிட்டு அப்படியே கெடந்துச்சு. அதுக்குப் புரிஞ்சிருச்சுன்னுல்ல நெனச்சேன்.

ரேணுகா: என்ன புரிஞ்சிருச்சுன்னு? ரோகிணிம்மா, ஒம்போது நாளா அதுகிட்ட என்னத்தச் சொன்னீக?

ரோகிணி: இனிமே வரமாட்டேன்னு... வீடு போன மாசமே அமைஞ்சிருச்சுக்கா. நாய் கூடாதுன்னாக, சரின்னு சாவிய வாங்கிட்டேன். உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல... அதுகிட்டயாவது சொல்லிட்டேன்னு நெனச்சேன்.