பால் பாட்டிலில் தெரிந்த நீலம்

சபையோரே, இன்று 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 28, வியாழக்கிழமை, அறிவியல் நாள். மேடைக் கடிகாரம் மாலை ஆறு நாற்பது காட்டுகிறது. அது இரண்டு நிமிடம் பிந்தி ஓடுகிறது, செயலாளர் கவனிக்க வேண்டும். என் உரையின் மூன்றாம் பகுதி: வானம் ஏன் நீலம்? விடைக்கு முன்னால், ஒரு குட்டிக் கதைக்குக் கொஞ்சம் காது கொடுங்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே இரண்டு பெண்கள் பால் விற்றார்கள். மூத்தவர் செண்பகவடிவு, இளையவர் முப்பிடாதி. எதிரெதிர் வீடு... அதுதான் வினை. முப்பிடாதி வாசலில் தூக்குவாளியோடு நாலு பேர் நின்றால், செண்பகவடிவுக்குத் தொண்டையில் சோறு இறங்காது. முப்பிடாதியின் மாடு கன்று ஈன்றால், "எம் மாட்டைப் பார்த்துப் பார்த்தேல்லா அது பெத்துது" என்பார். அந்த மாட்டின் கழுத்து மணி கேட்டால் கதவைச் சாத்துவார்.

ஊர்ச் சாஸ்தா கோயிலில் பங்குனி உத்திர அபிஷேகத்துக்கு எப்போதும் செண்பகவடிவின் பால்தான். 2003-ஆம் ஆண்டு அது முப்பிடாதிக்குப் போயிற்று. ஏன்? செண்பகவடிவின் மாட்டுக்கு அப்போது கறவை குறைந்திருந்தது. அவ்வளவுதான். ஆனால் பொறாமைக்குக் காரணம் போதுமா? போதாது... அதற்கு ஒரு குற்றவாளி வேண்டும்.

உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால், மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை காலை. சனிக்கிழமை என்று சொல்பவர்கள் உண்டு, அது தவறு. செண்பகவடிவு கடையிலிருந்து ஒரு கண்ணாடி மிட்டாய் பாட்டிலை வாங்கிக் கழுவி, தண்ணீர் நிரப்பி, கோயில் வாசலில் கொண்டுவந்து வைத்தார். தர்மகர்த்தா சொரிமுத்துவையும் ஊராரையும் அழைத்தார். முப்பிடாதியும் தன் பால் தூக்குவாளியோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இவ பாலை நாலு சொட்டு விடுதேன். பாருங்க."

விட்டார். கலக்கினார். இளவெயில் பக்கவாட்டில் விழுந்தது. பாட்டிலுக்குப் பின்னே கோயிலின் இருண்ட நடை. தண்ணீருக்குள்ளே மெல்ல... ஒரு நீலம்.

"பாத்தியளா. துணிக்குப் போடுத சொட்டு நீலம். பாலு வெள்ளையாத் தெரியணும்னு கரைச்சிருக்கா. இதையா சாமி தலையில ஊத்தப் போறிய?"

கூட்டம் முணுமுணுத்தது. ஏன் முணுமுணுக்காது? வேட்டி வெளுக்க நீலம் போடாத வீடு எது? நம்பக்கூடிய பழி, சபையோரே... நம்பக்கூடிய பழிதான் ஆளைக் கொல்லும். கோயில் பால் போனால் முப்பிடாதிக்கு ஊர்ப் பாலும் போகும். மறுநாள் அவர் வாசலுக்கு ஒரு தூக்குவாளி வராது.

முப்பிடாதி அழவில்லை. "யக்கா, உங்க பாலையும் இதே மாதிரி விட்டுப் பாப்பமா?" என்றார்.

"எம் பாலை எதுக்குட்டி?"

"நல்ல பாலுன்னா வெள்ளையாத்தான நிக்கும்."

இன்னொரு பாட்டில் வந்தது. அதே தண்ணீர். செண்பகவடிவின் பால், அவர் கையாலேயே நாலு சொட்டு. கலக்கினார்... அதே நீலம்.

"அடிப் பாவி, எந் தொழுவத்துலயும் வந்து கலந்துட்டியா?"

"எங்க கலந்தேன் யக்கா, மாட்டு மடிக்குள்ளயா?"

சிரிப்பு. அப்போது பாட்டிலுக்கு மறுபுறம், வெயிலைப் பார்த்து நின்ற சொரிமுத்து கண்ணைச் சுருக்கினார். "எனக்கு நீலமே தெரியலையே. செம்மஞ்சளால்லா இருக்கு."

"அப்பம் மஞ்சப்பொடியும் போட்டிருக்கா."

"ஏளா செம்பகம், இங்க வந்து நின்னு பாரு."

"நான் நிக்க எடத்துல எனக்கு நல்லாத்தான் தெரியுது."

சொரிமுத்து கையை மேலே நீட்டினார். "சரி, அதையும் பாத்துக்கோ. அம்புட்டு நீலத்தையும் முப்பிடாதிதான் கரைச்சு ஊத்தினாளா?"

செண்பகவடிவு நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாட்டிலைச் சுற்றி நாலடி நடந்தார். குனிந்தார். அங்கிருந்து செம்மஞ்சள்... திரும்பி வந்தார். நீலம். இரண்டு பாட்டிலிலும். உத்திரத்துக்கு முப்பிடாதியின் பாலே போயிற்று.

என்ன நடந்தது? வெயிலுக்குள் எல்லா நிறமும் உண்டு. பாலின் நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகப் பக்கவாட்டில் சிதறடிக்கின்றன. சிவப்பு பெரும்பாலும் நேரே போகிறது. வானத்தில் அதே வேலையைக் காற்றின் மூலக்கூறுகள் செய்கின்றன. நீலம் எல்லாப் பக்கமும் சிதறுவதால் வானம் நீலம். மாலையில் ஒளி காற்றுக்குள் நெடுந்தொலைவு வருகிறது. நீலத்தை வழியிலேயே இறைத்துவிட்டு, மிஞ்சிய சிவப்போடு நம்மிடம் சேர்கிறது.

வழியில் இறைத்த நீலம் எங்கே? மேற்கே, இன்னும் பகலாக இருக்கும் ஊர்களில் ஒருவர் தலைக்கு மேல் வானமாக நிற்கிறது. அவர் நம்மிடமிருந்து திருடினாரா? நம் அந்தி அழகு குறைந்ததா?

அன்று வீடு திரும்பிய செண்பகவடிவு, எதிர்வீட்டு மணி கேட்டும் கதவைச் சாத்தவில்லை. மறுநாள்?... சாத்தினார். பொறாமை ஒரே நாளில் இறங்கும் காய்ச்சல் இல்லை. ஆனால் பாதிதான் சாத்தினார்.

சபையோரே, உங்களுக்கும் ஓர் எதிர்வீடு இருக்கும். அங்கே உங்கள் கண்ணுக்கு ஒரு குற்றம் பளிச்சென்று தெரியும். தெரிவது பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த நீலம் உண்மையாகவே தெரிந்தது. கூட்டத்தைக் கூட்டுவதற்கு முன்னால், உங்கள் பாலையும் நாலு சொட்டு விடுங்கள். பிறகு எழுந்து... அந்த நாலடியை நடந்து பாருங்கள்.