மாமா முதல் தடவை பார்க்கிறார்

எனக்கு நீர்யானை என்றால் அப்படியொன்றும் பிரியம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மேடம். தாளும் பேனாவும் கொடுத்து, ஆரம்பத்திலிருந்து எழுதுங்கள் என்றீர்கள். ஆரம்பம் நீர்யானைதான்.

'பூசணியின் குளம்' என்று குழந்தைகளுக்கான ஒரு கார்ட்டூன் தொடர். பூசணி ஒரு நீர்யானைக் குட்டி. அதற்கு அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, எதற்கெடுத்தாலும் தும்முகிற ஒரு சித்தப்பா. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் யாராவது யாரையாவது கட்டிக்கொள்வார்கள். குழந்தைகள் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடும். உட்கார்ந்து அழுகிறவர்கள் பெரியவர்கள்தான். தாடி வைத்த ஆண்பிள்ளைகள், பல் டாக்டர்கள், வக்கீல்கள் எல்லாம் நீர்யானைக் காது வைத்த தொப்பியோடு கேமரா முன்னால் மூக்கைச் சிந்துவார்கள். அதைப் பார்த்து வேறு பலர் மூக்கைச் சிந்துவார்கள். இதற்கு ரியாக்‌ஷன் வீடியோ என்று பெயர். சித்தப்பா தும்முவது ஜலதோஷத்தாலா, அழுகையை மறைக்கவா என்று சண்டை போட்டு, முகத்தில் முழிக்காமல் இருக்கிற அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

நான் விளம்பரப் படங்களுக்கு எடிட்டிங் செய்கிறவன். வீட்டிலிருந்தே வேலை. சும்மா இருக்கிற நேரத்தில் நானும் ஒரு சேனல் ஆரம்பித்தேன். ஆனால் எனக்கு அழுகை வராது. வெங்காயத்தை நறுக்கி வைத்துக்கொண்டு அழுது பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து 'வெங்காயம்' என்பது என் பட்டப்பெயர். இந்த ரசிகர்கள் கொலைகாரனைக்கூட மன்னித்துவிடுவார்கள், பொய்க் கண்ணீர் விட்டவனை மன்னிக்க மாட்டார்கள். அந்த அவமானம் என்னைத் தின்றது. இனிமேல் என் சேனலில் ஒரு சொட்டு பொய் இருக்காது என்று அப்போதே முடிவு செய்தேன். அந்த முடிவிலிருந்து நான் இம்மியும் நகரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமா எங்களோடு இருக்க வந்தார். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கியவர். பெண் பார்ப்பதற்கு முன்னால் என்னையும் இரண்டு தடவை ஃபெயிலாக்கினார். முதல் தடவை பின்னால் எடுக்கும்போது கோட்டைத் தொட்டுவிட்டேன் என்றார், இரண்டாவது தடவை கண்ணாடியைப் பார்க்கவில்லை என்றார். பார்த்தேன். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அத்தை காலமான பிறகு மாமாவுக்கு மறதி அதிகமானது. அதற்கு மாத்திரை உண்டு. நோயை நிறுத்தாது, ஓட்டத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்று டாக்டர் சொன்னார். என் மனைவிக்கு வெளியூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவாள். போகும்போது ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அம்மா எங்கன்னு கேட்டா, கடைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிடுங்க. வேற எதுவும் சொல்ல வேணாம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. வயதில் பெரியவரிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் கொஞ்ச நாள் சொன்னேன். ஒரு நாள் காலை விளக்குகளைச் சரிசெய்து, கேமராவையும் ஓடவிட்டிருந்தேன். மாமா வந்து, "அவ எங்க?" என்றார். வேலை மும்முரத்தில் வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

"அத்தை தவறிட்டாங்க மாமா. போன வருஷமே."

அவர் சோபாவில் உட்கார்ந்தார். வாசல் கதவைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்" என்றார்.

பேச்சை மாற்றத்தான் கார்ட்டூனைப் போட்டேன். பூசணியின் பாட்டி வேறு குளத்துக்குப் போய்த் திரும்பாமல் இருக்கிற எபிசோட் அது. குட்டி எதுவும் பேசாமல் தாத்தா பக்கத்தில் போய் உட்காரும். மாமா சட்டை நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் அழுதார். ஆயிரம் பேரை ஃபெயிலாக்கிய முகம் அப்படிக் கலையும் என்று நான் நினைக்கவேயில்லை. வீடியோவைப் போட்டேன். பார்த்தவர்களெல்லாம் உருகிப்போனார்கள். தாத்தாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று பல் டாக்டர் ஒருவர் எழுதினார். ஒருவர்கூட வெங்காயம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தாத்தாவை இன்னும் காட்டுங்கள் என்றார்கள். அடுத்த எபிசோடில் மாமா தூங்கிவிட்டார். அதற்கடுத்ததில் பூசணி சாலையைக் கடந்தபோது, "வலது பக்கம் பாக்கல. ஃபெயில்" என்றார். சிரித்தார்கள், ஆனால் அவர்களுக்கு வேண்டியது சிரிப்பு இல்லை. அன்று அழவைத்தது நீர்யானை இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே அவர் கேட்கும்போதெல்லாம் உண்மையைச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். கேமரா ஓடும் நாட்களில் மட்டும். மற்ற நாட்களில் அநாவசியமாக யாரையும் வருத்துவானேன். சில நாள் அவர் கேட்கவே மாட்டார். அப்போது அத்தையின் மூக்குக் கண்ணாடியை அவர் கண்ணில் படும்படி மேசையில் வைப்பேன். மனைவியின் பொருளைப் புருஷன் முன்னால் வைத்ததில் குற்றம் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஒரு நாள் வழக்கம்போலச் சொன்னேன். மாமா என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"தெரியும் மாப்பிள்ளை. நீங்கதானே நேத்து சொன்னீங்க. உங்களுக்கும் பாவம், எத்தனை தடவைதான் சொல்லுவீங்க."

அன்று முழு எபிசோடையும் அமைதியாகப் பார்த்தார். நடுவில் எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அந்தப் பதிவு ஒன்றுக்கும் உதவவில்லை.

மாத்திரை வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான். அதோடு நிறுத்திவிட்டேன். தூக்கி எறியவில்லை, பொருளை வீணாக்குவது எனக்கு ஆகாது. அட்டை அட்டையாகக் கேமராப் பையில் வைத்தேன். சாயங்காலம் மனைவி போன் செய்து, "மாத்திரை குடுத்தாச்சா?" என்பாள். "குடுத்தாச்சு" என்பேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதுவும் வீட்டுக்குள். ரசிகர்களிடம் நான் பொய் சொன்னதே இல்லை.

பிறகு எல்லாம் நன்றாகப் போனது. சேனலுக்கு 'முதல் தடவை, நிஜமாகவே' என்று பெயர் மாற்றினேன். மாமாவுக்குக் குளியலறை எந்தப் பக்கம் என்பது மறந்தது. சட்டைப் பொத்தான் போட மறந்தது. நானே போட்டுவிட்டேன். நீலச் சட்டை விளக்கு வெளிச்சத்துக்கு நன்றாக எடுத்தது. அப்பா வேகமாகச் சரிகிறாரே என்று மனைவி அழுதாள். வயதாகிறதல்லவா என்று ஆறுதல் சொன்னேன்.

வினை வந்தது கடைசி எபிசோடில். தாத்தா நீர்யானை மறுபடி கரையில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்" என்று சொல்லும். உலகமே அழுத வசனம் அது. 'கழுகு' என்ற பெயரில் ஒரு ரசிகன் இருக்கிறான், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவன். நீர்யானை சொல்வதற்கு முன்னாலேயே மாமாவின் உதடு அந்த வசனத்தைச் சொல்கிறது என்று எழுதினான். தாத்தா இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறார், இது ஃபேக், வெங்காயம் திரும்பி வந்துவிட்டான் என்றான். ஒரே நாளில் எல்லோரும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த எபிசோடை மாமா அதற்கு முன் பார்க்கவே இல்லை. அந்த வசனம் அவருடையது. அத்தை போன செய்தியை நான் சொல்லும் ஒவ்வொரு தடவையும் கதவைப் பார்த்து அவர் சொல்வது அதுதான். நீர்யானைக்கு அதை எழுதிக் கொடுத்தவர் யாரோ, எனக்குத் தெரியாது. எபிசோடைப் பார்ப்பது மட்டுமில்லை, செய்தியைக் கேட்பதும் அவருக்கு முதல் தடவைதான். ஒவ்வொரு தடவையும்.

ஆகவே லைவில் வந்து நிரூபித்தேன். வெட்டாத பதிவுகளை எல்லாம் வரிசையாக ஓட்டினேன். நான் சொல்கிறேன், அவர் உட்காருகிறார், கதவைப் பார்க்கிறார், அதையே சொல்கிறார். சட்டைதான் மாறுகிறது, முகம் அப்படியே இருக்கிறது. மாத்திரை அட்டைகளைப் பையிலிருந்து எடுத்து, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை என்று கேமராவுக்கு அருகில் காட்டினேன். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன ஆதாரம் காட்ட முடியும்? கமெண்ட் ஓடுவது நின்றுபோனது. வெகுநேரம் கழித்துக் கழுகு எழுதினான். "ஃபேக் இல்ல" என்று மட்டும். அதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதியதை நான் படிக்கவில்லை. மனைவி போனில் கூப்பிட்டாள். அடுத்து போலீஸ் ஜீப்பில் நீங்கள் வந்தீர்கள்.

மாத்திரையை நிறுத்தியது நான்தான். அத்தை இறந்ததை அவரிடம் அத்தனை தடவை சொன்னதும் நான்தான். எல்லாம் தெரிந்தே செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஃபேக் செய்தேன் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.

சற்றுமுன் நீங்கள் சொன்னது மனதை உறுத்துகிறது. மாமா இப்போது மகளோடு இருக்கிறார், விடிந்தால் "மாப்பிள்ளை எங்க?" என்று கேட்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று அவள் சொல்கிறாள், அவரும் கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்றீர்கள். பாருங்கள் மேடம், ஒரு பெரிய மனிதரை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று. யாராவது போய் அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நானே வருகிறேன். அந்தக் கேமராவை மட்டும் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள்.