மூடியிருந்த ஒரு கோடு

"நைனான்னு கூப்புடாத. யாருக்கு யார்ரா நைனா?" என்று கத்தினார் முனிகிருஷ்ணன்.

"கவிப்பிரியாவ ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க," என்று ஹேமநாத்தும் விடவில்லை.

பக்கத்து அறையில் பெண் கேட்டுச் சண்டை நடந்தால் யார்தான் காதைத் தீட்டிக்கொள்ள மாட்டார்கள், ஐயா? அதுவும் சூப்பர்வைசர் மகளை, கம்ப்யூட்டர் பார்க்க வருகிற பையன் கேட்கிறான். நடுவே வெறும் பிளைவுட். கும்மிடிப்பூண்டி இறால் கம்பெனியில் போன் எடுக்கிற அங்காளம்மாள் நான்.

என் மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஒரே வேலை. குளிர்சாதன மெஷினில் அமோனியா கசிந்தால் திரை சிவந்து அது அலறும். குளிர் அறையில் மாட்டிய ஸ்பீக்கரும் கூடவே அலறும். உள்ளே இருப்பவர் பின்கதவு வழியாக ஓட வேண்டும். ஆனால் பினாயில் வாசனைக்குக்கூட அலறித் தொலைக்கும்.

அன்று காலையில்தான் ஹேமநாத் அதில் லினக்ஸ் என்கிற சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டிருந்தான். அப்படிப் போட்டால் சத்தம் தானாகவே மூடித்தான் இருக்குமாம். வால்யூம் கன்ட்ரோலில் வரிசையாக நிற்கும் கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அலறவிட்டுப் பார்த்தான். அப்போது கம்பெனியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மத்தியானச் சண்டையில் முனிகிருஷ்ணன் திடீரென்று குரலைத் தாழ்த்தினார். "அவ ஏற்கெனவே ஒருத்தனோட..." நல்ல இடம். அந்த நேரம் பார்த்து, தரை துடைக்கிற மேரி பினாயில் வாளியோடு வராந்தாவுக்கு வந்தாள். அலறினால் மீதிப் பேச்சு போய்விடும். காலையில் பார்த்த கோடுகளில் ஒன்றை மட்டும் மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் திரை சிவந்தது. பினாயில்தான் என்று விட்டுவிட்டேன். பேச்சு முடிந்ததும் திறக்கலாம் என்றிருந்தேன். பேச்சு நீண்டது.

குளிர் அறையில் ரிஜ்வான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். எதுவும் கேட்காததால் வழக்கம்போல முன்கதவைத் திறந்து மெஷின் பக்கம் வந்தான். அங்கே நிஜமாகவே அமோனியா கசிந்திருந்தது. தூக்கியபோது மூச்சு இல்லை.

ஹேமநாத் ஸ்பீக்கரை மாற்றினான், வயரைப் பிடுங்கிச் செருகினான், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். திரையின் ஓரத்தில் வால்யூம் முழுசாகத்தான் காட்டியது. கடைசியில் கோடுகளைத் திறந்து பார்த்தவன், ஒன்று மூடியிருப்பதைக் கண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, காத்தால போட்டுப் பாத்தேனே, சத்தம் வந்துச்சில்ல? நீதான இங்க குந்திக்கினு இருந்த. சொல்லுக்கா."

என் காதில் விழாமல் அந்தக் கம்பெனியில் எதுவும் நடக்காது என்று எல்லாருக்கும் தெரியும். அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"வரலியேப்பா," என்றேன்.

திறக்க மறந்துபோனேன் என்று அவனே போலீசில் எழுதிக் கொடுத்தான். இன்னமும் அப்படித்தான் நம்புகிறானாம்.

கவிப்பிரியாவை வேப்பம்பட்டில் ரயில்வே மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள். போயிருந்தேன், பாயசம் தண்ணீர். ஹேமநாத் ஜெயிலிலிருந்து வந்து சூளூர்ப்பேட்டைப் பக்கம் போய்விட்டான். ரிஜ்வான் மனைவி முபீனா கைக்குழந்தையோடு மீஞ்சூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

மூடியது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஆரம்பித்த குரலிலேயே கடைசிவரை சண்டை போட்டிருந்தால், நான் அதைத் தொட்டே இருக்க மாட்டேன், ஐயா.